உள்மண்டபத்து டியூப் லைட்

‘மாசி, இரண்டாம் வியாழன். தல்லாகுளம் கூடத்தில் டியூப் லைட்டுகள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. சில எரிகின்றன, சில துடிக்கின்றன. நடுவில் உள்ளது மட்டும் கண்ணைக் கூசவைக்கிறது. அதன் காலம் தொண்ணூறுகளின் தொடக்கம் என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்தின் பாணியை வைத்துச் சொன்னது, உறுதியில்லை.’

ஒளிக்கலை விழாவின் முதல் நாள் மாலை என் டைரியில் எழுதியது இது. அந்த நடு விளக்கைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் சில ஆண்டுகளாக மாசியில் இந்த விழா நடக்கிறது. வைகையில் தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து நீல விளக்கால் தண்ணீர் ஓடவிடுவார்கள். மக்கள் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, நிஜத் தண்ணீர் வந்தபோதுகூடக் காட்டாத உற்சாகத்தோடு அதைப் படம் எடுப்பார்கள். ஒரு வருடம் கம்பியால் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை செய்து அதைச் சுற்றி வண்ண விளக்குப் போட்டிருந்தார்கள். திமிலைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. ஒருவரை ஷாக் அடித்துத் தள்ளிய பிறகும் வரிசை குறையவில்லை. விழுந்தவரையும் படம் எடுத்தார்கள். விளக்குகள் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அந்தப் பகுதியில் தெருவிளக்கை அணைத்துவிடுவது வழக்கம். அந்த இருட்டில் ஸ்கூட்டரோடு சாக்கடைக்குள் இறங்கியவர்களைப் பற்றி விழா மலரில் ஒரு வரி வராது. என் டைரியில் இருக்கிறது.

இது தெருவில் நடப்பது. கூடங்களுக்குள் கண்காட்சிகள் தனியாக நடக்கும். இந்த முறை தல்லாகுளத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வெள்ளையடித்துக் கண்காட்சிக்கூடம் ஆக்கியிருந்தார்கள். மணவறை இருந்த பெரிய கூடம் முழுவதையும் ஓர் இளம்பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். சென்னையில் ஓவியம் படித்தவள். சொந்த ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். அவள் காட்சிக்கு வைத்தது தன் ஊர் அம்மன் கோயிலில் எரிந்து ஓய்ந்த டியூப் லைட்டுகளை.

கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுப்பவர்கள் அதன் மேலேயே ‘உபயம்’ என்று போட்டுப் பெயர் எழுதிக் கொடுப்பது எல்லாரும் பார்த்ததுதான். பெயர், தகப்பன் பெயர், பட்டம், தொழில், ஊர், இடம் மிச்சம் இருந்தால் கடையின் விலாசம். எழுத எழுத வெளிச்சம் குறையும். எழுத்துகளின் இடுக்கில் கசிவது சாமிக்கு. இதை எல்லாரும் கேலி செய்வார்கள், கேலி செய்தவர்களும் தங்கள் முறை வரும்போது எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பெண் இந்த டியூப்களை வரிசையாகச் சுவரில் மாட்டி, பியூஸ் போனவற்றுக்குப் பின்னால் மட்டும் எல்இடி பட்டை ஒட்டியிருந்தாள். இருட்டுக் கூடத்தில் நுழைந்தால் சுவர் முழுக்க ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் கறுப்பும் சிவப்புமான எழுத்தில் வெளிச்சத்தின் மேல் நின்றன. நன்றாகத்தான் இருந்தது. இதை நான் மறுக்க மாட்டேன்.

கோயிலின் சாமான் அறையிலிருந்து அவற்றை எடுக்க அவளால் முடிந்ததற்குக் காரணம், சாவி அவளுடைய பெரியப்பா இடுப்பில் இருந்தது. கோயில் நிர்வாகம் பரம்பரையாக அந்த வீட்டில்தான். நான் அங்கே போனது விளக்குகளின் காலத்தைக் கணித்துச் சொல்ல. எழுதிய பெயிண்ட், எழுத்தின் வளைவு, தொலைபேசி எண்ணின் நீளம் இவற்றை வைத்து ஓரளவு சொல்லலாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் தெருப் பலகைகளையும் தேதி பார்த்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகும் தினமும் மாலை அங்கே போய் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அந்த அம்மாள் கால் வலியோடு பின்னால் வந்தார். என்னைக் கூடத்து ஆள் என்று நினைத்துக் கணவர் கேட்டார்.

“சார், இது எந்த ஊருக் கோயில் லைட்டு?”

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அப்ப சரிதான். போன்ல போட்டோ வந்துச்சு, நம்ம ஊரு பேரு மாதிரி தெரிஞ்சது. எங்க அப்பா குடுத்த லைட்டும் அங்க உள்மண்டபத்துல எரிஞ்சது சார். பழசையெல்லாம் கழட்டிட்டாகன்னா அதுவும் இங்கதான இருக்கணும்.”

“வீட்டுல ஒரு பல்பு பியூஸ் போனா மாத்த ஆள் தேடுவாரு,” என்றார் மனைவி. “எரிஞ்சு போன லைட்டப் பாக்க திருநகர்ல இருந்து ரெண்டு பஸ் மாறிக் கூட்டிட்டு வாராரு.”

அவர் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்திலேயே பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார். சுவரோரமாக ஒவ்வொரு டியூப்பாகப் படித்துக்கொண்டே போனார். பெயர்களைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது மாடுகள்தான்.

“இவரு வீட்டுச் செவலைக்கு நாந்தான் ஊசி போட்டேன். இவரு எருமைக்கு வயித்துல கன்னு குறுக்க நின்னுச்சு, நடுச்சாமத்துல வந்து கூப்புட்டாரு. இந்தா, இவரு மாடு என்னய ஒதச்சு முட்டி வீங்கி ஒரு வாரம் படுத்துட்டேன்.”

“மாட்டுக் கொட்டத்தத் தாண்டி அவுக உங்கள விட்டாகளா?” என்றார் மனைவி. “பெறகு மாடு மட்டுந்தான ஞாபகம் இருக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். அவர் குடும்பம் அந்த ஊரில் காலனியில் இருந்த குடும்பம். அப்பா மற்றவர் வயலில் கூலிக்குப் போனவர். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அந்த அம்மாளின் ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

நடுச் சுவரில் இருந்த விளக்கின் முன்னால் நின்றார். மேலே சின்ன எழுத்தில் அப்பாவின் பெயர். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எதுவும் இல்லை. கீழே சிவப்பில், அதைப்போல இரண்டு மடங்கு பெரிதாக, மகனின் பெயர். அதற்குப் பக்கத்தில் ‘கால்நடை ஆய்வாளர்’. வேலைக்கு உத்தரவு வந்ததும் அப்பா உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு போர்டு எழுதுகிறவரிடம் கொடுத்து எழுதி வாங்கியது. தன் பெயர் சின்னதாக இருக்கட்டும், மகன் பெயர் பெரிதாக இருக்கட்டும் என்று சொல்லி வாங்கியது.

அவர் கைப்பேசியில் மகளைக் கூப்பிட்டு, விளக்கின் பக்கம் திருப்பிக் காட்டினார். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

“தெரியுதா? தாத்தா லைட்டு. இருக்கதுலயே இதுதான் பளிச்சுனு எரியுது பாரு. அம்புட்டு வருசம் எரிஞ்சும் ஒண்ணும் ஆகல. அந்தக் காலத்துச் சாமான்.”

அந்த நேரம் பார்த்து ஓவியப் பெண் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்கிற விளக்கம்தான். அன்றைக்கே நான் இரண்டு மூன்று முறை கேட்டிருந்தேன்.

“எல்லாரும் இந்த நடு லைட்ட மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் வருசக்கணக்கா எரிஞ்சு ஓஞ்சது. இது ஒரு நாள்கூட எரியல. தேர் வடத்துக்குப் பின்னாடி, வாங்குன அட்டை உறைக்குள்ளேயே இருந்துச்சு. யாரோ ஆசையா குடுத்திருக்காங்க, வாங்கி வச்சுட்டு மறந்துட்டாங்க. இதோட முதல் வெளிச்சமே இந்தக் கூடத்துலதான். நீங்கதான் அதப் பாக்குறீங்க.”

கூட்டம் ‘ச்ச’ என்று உச்சுக்கொட்டியது. ஒருவர் அவளைப் பாராட்டினார். கைப்பேசியிலிருந்து மகளின் குரல் கேட்டது. “அப்பா, அந்தப் பொண்ணு என்ன சொல்லுது? எரியலையா?” அவர் இணைப்பைத் துண்டித்தார்.

“மறந்துட்டாகளா?” என்று அவளிடம் கேட்டார்.

“ஆமா அங்கிள். பாவம்ல?”

“எங்க அப்பா பேரும்மா அது. கீழ இருக்கது நானு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் உண்மையாகவே நீர் வந்தது. பிறகு அவர் கையைப் பிடித்து, “அங்கிள், நீங்க இதப் பத்திப் பேசணும். ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமா? உங்க வாய்ஸ் இந்த லைட்டுக்குக் கீழ ஓடுனா வேற லெவல்ல இருக்கும்,” என்றாள். சொல்லிக்கொண்டே உதவியாளரைப் பார்த்து மைக் கொண்டுவரச் சைகை காட்டினாள்.

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். “பேச ஒண்ணும் இல்லம்மா. ஞாயித்துக்கெழம எம் பொண்ணு வருது. அது வரைக்கும் எரியட்டும். அது போதும்.”

“கண்டிப்பா அங்கிள். கடைசி நாள் முடியிற வரைக்கும் எரியும்.”

வெளியே டீக்கடையில் அவரே என்னோடு வந்து நின்றார். அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். அவர் பேச ஆரம்பித்தார். என்னிடம்தான் பேசினாரா என்பது தெரியவில்லை, டீ கிளாஸைப் பார்த்தே பேசினார்.

அந்தக் கோயிலில் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்குவார்கள். காலனி வீடுகளில் வாங்க மாட்டார்கள். வரி கொடுத்தவனுக்குத்தான் கோயிலில் பேச்சு. மகனுக்கு அரசாங்க வேலை கிடைத்ததும் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வரியைத்தானே வாங்க மாட்டார்கள், விளக்கை வாங்க மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லையே. டியூப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அது மட்டுமில்லை, பங்குனிப் பொங்கலுக்கு ஆள் அனுப்பிச் சொன்னார்கள்: உன் விளக்கு உள்மண்டபத்தில், சாமிக்கு எதிரிலேயே மாட்டியிருக்கிறது என்று.

“உள்மண்டபம்னா எங்க ஆளுக போக முடியாது சார். அப்பா வெளிச் செவருக்கு வெளிய நிப்பாரு. கதவு வழியா உள்ள வெளிச்சம் தெரியும். என் தோளத் தொட்டு, ‘அந்தா, வலது பக்கம் கொஞ்சம் கூட வெள்ளையாத் தெரியுதுல்ல, அது நம்மளுது’ம்பாரு. வருசா வருசம் காட்டுவாரு.”

“நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகு உள்ளே போய்ப் பார்க்கவில்லையா?”

“சம்பளம் வாங்குற மகன் உள்ள போயி நிக்க, அப்பன் வெளிய நிக்கவா? போகல.” கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “சாகையிலயும் நம்ம வெளிச்சம் சாமி மேல விழுதுன்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு,” என்றார்.

பங்குனிப் பொங்கலுக்கு எந்த வெள்ளையை அவருடைய அப்பா காட்டினார் என்று நான் யோசித்தேன். எரிந்தது வேறு யாருடைய விளக்கோ. அந்தச் சுவரில் இப்போது மங்கிக் கிடக்கிற ஏதோ ஒன்று. அதைச் சொல்லவில்லை. அவருக்கே அதற்குள் அது தோன்றியிருக்கும்.

மனைவி எழுந்து வந்தார். “வெளிய நிக்கிறவனுக்கு உள்ள மாட்டியிருக்குன்னு சொன்னா அவன் எங்க போயிப் பாக்கப் போறான்? நல்லா யோசிச்சுத்தான் சொல்லிருக்கானுக. வாங்க, பஸ்ஸு போயிரும்.”

சனிக்கிழமை மாலை பெரியப்பா வந்தார். கூடவே ஊரிலிருந்து ஒரு வேன் ஆட்கள். தம்பி மகள் சென்னை வரை போய்ப் படித்து, கோயில் சாமானை வைத்து ஊர் பெயரைப் பெரிதாக்கிவிட்டாள் என்ற பெருமை எல்லார் முகத்திலும் இருந்தது. வரிசையாகத் தங்கள் தங்கள் அப்பன், பாட்டன் பெயரைக் கண்டுபிடித்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் தன் மாமனார் பெயரைப் பார்த்து, “எனக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் குடுக்கல, சாமிக்கு லைட்டு குடுத்திருக்காரு,” என்றார். கூடம் சிரித்தது.

பெரியப்பா நடுச் சுவருக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

“என்னத்தா இது?”

“இதுதான் பெரியப்பா மெயின் பீஸ்.”

“மெயினுக்கு வேற ஆளே கெடைக்கலையா உனக்கு? இம்புட்டுப் பேரும் ரெண்டு பக்கமும் கைகட்டி நிக்கிற மாதிரியில்ல இருக்கு.”

“உள்ளயே வச்சிருந்தீங்க, ஏன் மாட்டலன்னு நானே உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன்.”

அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

“வரி வாங்காத வீட்டுல உபயம் எப்பிடித்தா வாங்குறது? வாங்காமயும் இருக்க முடியாது. மகன் மாட்டாஸ்பத்திரி ஆளு. கன்னு குறுக்க நிக்கையில வர மாட்டேன்னுட்டா? அதான் வாங்குனோம். வாங்கி வச்சோம். மாட்டியிருக்கோம்னு சொன்னோம். அவனுக்கும் சந்தோசம், நம்ம மாடும் பொழச்சுச்சு. இதுல யாருக்கு என்ன நட்டம்?”

கூட வந்தவர்களில் ஒருவர், “நட்டம் என்ன, கரண்டு மிச்சம்,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இதையும் பதிய வேண்டும்.

“இது அசிங்கம் பெரியப்பா. நான் கழட்ட மாட்டேன்.”

“கழட்டாத. நாளைக்குக் காலையில வேன் வரும். கோயில் சாமான் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிருவோம். நீ இந்த ஒண்ண மட்டும் வச்சுக் கச்சேரி நடத்து.”

மறுநாள் கடைசி நாள். வெளிநாட்டிலிருந்து வந்த சிலர் எல்லாக் கூடங்களையும் பார்த்து, வேறு ஊர் விழாவுக்கு ஒரு படைப்பைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. அவள் அதற்காகத்தான் இரண்டு மாதம் தூங்காமல் வேலை செய்திருந்தாள். பெரியப்பாவுக்கு அது தெரியும். அதனால்தான் குரலை உயர்த்தவே இல்லை.

“எரியக் கூடாதுன்னு நான் சொல்லலையே. வெளிச்சத்துக்கு நான் என்ன விரோதியா? தாராளமா எரியட்டும். பேரச் செவரு பக்கம் திருப்பி மாட்டு. முடிஞ்சுபோச்சு.”

அவள் வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டூலோடு வந்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அவளே கழற்றித் திருப்பி மாட்டினாள். கீழே இருந்த விவர அட்டையையும் எடுத்துவிட்டு, ‘பெயரற்றது’ என்று எழுதி ஒட்டினாள். மறுபடி மெயினைப் போட்டதும், எழுத்தே இல்லாத முழு வெள்ளையாக அது நின்றது. முன்னைவிட இன்னும் கூசியது.

“நெஜமா சொல்லுங்க அங்கிள்,” என்று என்னிடம் கேட்டாள். “இது இப்ப இன்னும் ஸ்ட்ராங்கா இல்ல? அம்புட்டுப் பேருக்கு நடுவுல பேரே இல்லாத ஒரு லைட்டு.”

“நாளைக்கு அவர் குடும்பத்தோடு வருவார்,” என்றேன்.

“நான் பேசிக்கிறேன். அவரு புரிஞ்சுக்குவாரு. ரொம்ப நல்லவரு.”

நல்லவர் என்பது உண்மைதான். அதை நம்பித்தான் அவள் செய்தாள். இதே கணக்கைத்தான் அவள் பிறப்பதற்கு முன்பே அவள் பெரியப்பாவும் போட்டிருந்தார். அன்று மாலை மிச்ச நேரம் முழுவதும் வந்தவர்கள் அந்த வெள்ளை விளக்கின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். தோளில் கேமரா மாட்டிய ஓர் இளைஞன் தன் தோழியிடம், பெயர் ஆசையைத் துறந்த ஒரே பக்தன் இவன்தான் என்று விளக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் வந்தபோது ஓவியப் பெண் கூடத்தில் இல்லை. வெளிநாட்டு விருந்தினர்களோடு பாலத்துப் பக்கம் போயிருந்தாள். பெரியப்பா இருந்தார். தேர்வு முடிவு தெரிந்துகொண்டு போகலாம் என்று ஊர் ஆட்கள் சிலரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் புதுச் சட்டை போட்டிருந்தார். மகள் பட்டுச் சேலையில் வந்திருந்தாள். இரண்டு நாள் முன்பு கைப்பேசியில் கேட்டதை வைத்து அவள் அப்பாவை எதுவும் கேட்டிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போல இருந்தார்கள். மண்டபமும் அப்படித்தானே.

“அந்தா நடுவுல,” என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

“எங்கப்பா? பேரே இல்லையே,” என்றாள் மகள்.

அவர் கிட்டே போய் மேலும் கீழும் பார்த்தார். பக்கத்து விளக்குகளைப் பார்த்தார். இடம் மாறிவிட்டதோ என்று எதிர்ச் சுவருக்குப் போய் அங்கேயும் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, விளக்கின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் அவர் பெயர் நிழலாக, இடவலம் மாறி, கலங்கி விழுந்திருந்தது.

“வாங்க இன்ஸ்பெக்டர்,” என்றார் பெரியப்பா நாற்காலியிலிருந்தபடியே. “சவுக்கியமா? பாப்பாவா இது? நல்லா இருக்கியாம்மா?”

அவர் பழக்கத்தில் கை கூப்பினார். “சவுக்கியங்கய்யா.” சொன்ன பிறகு கையைக் கீழே இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “பேரு திரும்பியிருக்குங்கய்யா.”

“அது அந்தப் புள்ள ஏதோ கலைன்னு சொல்லித் திருப்பி வச்சிருக்கு. நமக்கு என்ன தெரியும்? வெளிச்சம் வருதுல்ல.”

“பொண்ணு பாக்கணும்னு கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்குய்யா.”

“பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். இம்புட்டு வெளிச்சம் எங்க கெடைக்கும்?”

அந்த அம்மாள் கணவரின் முழங்கையைப் பிடித்தார். “வாங்க போவம். பாத்தது போதும்.” அவர் முழங்கையை விடுவித்துக்கொண்டார். விளக்கின் இரண்டு முனைப் பக்கமும் கை வைத்தார். “சார், தொடாதீங்க!” என்று தன்னார்வலர்களில் ஒருவர் கூடத்தின் மறுமுனையிலிருந்து கத்தினார். அவர் திருப்பினார்.

டியூப் லைட்டை அப்படியே சுழற்றிப் பின்பக்கத்தை முன்னால் கொண்டுவர முடியாது. பாதி திருப்பும்போதே முனைகளில் உள்ள ஊசிகள் பள்ளத்துக்கு நேராக வந்து, விளக்கு அணைந்து, கையோடு கழன்றுவிடும். அதுதான் நடந்தது. விளக்கு அணைந்தது. பெயர் எங்களை நேராகப் பார்த்து நின்றது, பக்கத்து விளக்குகளின் மங்கல் வெளிச்சத்தில், சின்ன எழுத்தில் அப்பா, பெரிய சிவப்பு எழுத்தில் மகன். மகள் அதைப் படித்திருப்பாள். படிக்க நேரம் இருந்தது. கண்ணாடி சூடாக இருந்ததோ, வியர்வையில் வழுக்கியதோ, ஒரு முனை அவர் கையிலிருந்து நழுவி மொசைக் தரையில் இடித்தது. பட்டாசு போலச் சத்தம் கேட்டது. வெள்ளைத் தூள் அவர் புதுச் சட்டையிலும் மகளின் சேலைக் கரையிலும் படிந்தது.

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்திருக்கிறார்கள். கடைசி நாள் அல்லவா.

பெரியப்பா எழுந்து வந்து, துண்டுகளை மிதிக்காமல் நின்றார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

“என்ன இன்ஸ்பெக்டர் இப்பிடிப் பண்ணிட்டீக. நாங்க இம்புட்டு வருசம் ஒரு கீறல் விழாமப் பத்திரமா வச்சிருந்தோம். ஒரு நிமிசத்துல ஒடச்சுப்புட்டீகளே.”

ஆய்வாளரின் மனைவிதான் பேசினார்.

“எரியவிடாம அட்டைக்குள்ள போட்டு வச்சதுக்குப் பேரு பத்திரமா? செத்தவன் மூஞ்சிக்கு முன்னால பொய் சொல்லி மாட்ட வளத்துக்கிட்டு, இப்பத் துண்டைப் போட்டுக்கிட்டு நாயம் பேச வந்திட்டீகளோ.”

பெரியப்பாவோடு வந்தவர்கள் எழுந்தார்கள். அவர் கையைக் காட்டி அவர்களை உட்காரவைத்தார். பிறகு ஆய்வாளரைப் பார்த்து, தணிந்த குரலில் சொன்னார்.

“எரியலன்னு யாரு சொன்னது? மொத வருசம் பங்குனிப் பொங்கலன்னிக்கி ஒரு ராத்திரி உள்மண்டபத்துலதான் எரிஞ்சது. நானே முன்ன நின்னு மாட்டச் சொன்னேன். சில பேரு கூடாதுன்னு சடச்சாக, விடியமுந்திக் கழட்டி உள்ள வச்சிட்டோம். அந்தப் புள்ள அட்டையப் பாத்துட்டு என்னத்தையோ சொல்லிக்கிட்டுத் திரியுது.”

“நெசமாவாய்யா?” என்றார் ஆய்வாளர்.

அதை அவர் கேட்ட விதத்தை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. தூள் படிந்த இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, தன்னை ஏமாற்றிய ஆளிடமே அதைக் கேட்டார்.

“கோயில் காரியத்துல பொய் சொல்லுவனா?”

முந்தின நாள், அதே இடத்தில் நின்று, மாட்டியிருப்பதாகச் சொல்லிவைத்தோம் என்று அதே வாய் சொன்னதை நான் கேட்டிருந்தேன். கூடத்தில் இருந்த பலரும் கேட்டிருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. இரக்கப்பட்டுச் சொல்கிறாரா, அந்த அம்மாளின் வாயை அடைக்கச் சொல்கிறாரா, இல்லை முந்தின நாள் சொன்னதுதான் தம்பி மகளுக்கு முன்னால் விட்ட வீறாப்பா என்று எனக்குப் புரியவில்லை.

தன்னார்வலர்கள் கயிறு கட்டி எல்லாரையும் விலக்கினார்கள். தூளில் பாதரசம் உண்டு, கையால் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எழுத்து இருந்த ஒரு சின்னத் துண்டையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று மகள் கேட்டாள். கொடுக்கவில்லை. அட்டைப்பெட்டியில் அள்ளி ஒட்டி வெளியே கொண்டுபோனார்கள்.

வாசலில் ஆய்வாளர் என்னைத் தேடி வந்தார்.

“சார், நீங்க தேதி, வருசமெல்லாம் கண்டுபிடிச்சுச் சொல்லுவீகளாமே. அந்த ஒரு ராத்திரி உண்டா இல்லையான்னு மட்டும் விசாரிச்சுப் பாருங்க.”

“இனி அது தெரிஞ்சு என்ன செய்யப் போறீக?” என்றார் மனைவி.

“மொத வருசம் அப்பா எனக்குக் காட்டுனது நெசமா நம்ம லைட்டான்னு தெரியணும்ல.”

படைப்பு தேர்வானது. நடுவில் விளக்கு இல்லாத ஹோல்டரை அப்படியே வைத்து அனுப்பினார்கள். அந்தக் காலி இடம்தான் தேர்வாளர்களைத் தொட்டது என்று விழாக் குழு வெளியிட்ட குறிப்பில் இருந்தது.

பங்குனியில் நான் அந்த ஊருக்குப் போனேன். அந்தக் காலத்தில் கோயிலுக்கு ரேடியோ செட்டும் விளக்கும் கட்டியவர் இறந்துவிட்டார். அவரிடம் கையாளாக இருந்தவர் இப்போது மினி பஸ் ஓட்டுகிறார். உசிலம்பட்டியில் வண்டி நிற்கும்போது பிடித்துக் கேட்டேன். “வருசத்துக்கு ஏழெட்டு லைட்டு உள்ள கட்டுவோம்ணே. எதுல யாரு பேரு இருக்குன்னு எவன் படிச்சான்?” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பூசாரி முதலில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். என்னை யார் அனுப்பியது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு ராத்திரி எரிந்தது, தானே பார்த்ததாகச் சொன்னார். ஓவியப் பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டேன். அட்டை உறையின் வாய் ஒட்டியே இருந்தது என்றாள். மறுபடி கேட்டபோது, மடித்துச் செருகியதுபோலவும் ஞாபகம் வருகிறது என்றாள். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டாளாம். பெரியப்பாவைப் பார்க்கப் போனபோது வீட்டில் இல்லை என்றார்கள். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது.

ஆய்வாளர் மாதம் ஒருமுறை கூப்பிடுகிறார். “எதுவும் தெரிஞ்சுச்சா சார்?” என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால், சரிங்க என்று வைத்துவிடுவார்.

என் டைரியில் இப்போதைக்கு இப்படித்தான் பதிந்திருக்கிறது: மேற்படி விளக்கு, கொடுத்த முதல் ஆண்டு பங்குனிப் பொங்கலன்று உள்மண்டபத்தில் ஓர் இரவு எரிந்ததாக ஒருவர் சொல்கிறார். மாட்டவே இல்லை என்ற பொருளில் முந்தின நாள் பேசியவரும் அவரே. பூசாரியின் சாட்சியம் இரண்டு விதமாக இருக்கிறது. எரிந்ததா என்பது சரிபார்க்கப்படவில்லை.